ஃப்யூஸும் ஒரு வலி மாத்திரையின் வரலாறும்

மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "எழுத்துக்கும் எனக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரண்டு சுற்றுகளைப் போல நேரடித் தொடர்பே கிடையாதுங்கண்ணா" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. "உனக்குத் தெரிஞ்சது எதையாவது எழுதுப்பா. மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் வேண்டாம். போன மலர்லயே நாலு பேர் எழுதிட்டாங்க" என்றார். சாம்பாரை விட்டுவிட்டால், விடுதி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஃப்யூஸ்தான்.

பி பிளாக்கில் 2011-க்கு முன்னால் தங்கியிருந்தவர்களுக்கு ஃப்யூஸை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செமஸ்டர் பரீட்சைக்கு முந்தைய இரவு கரண்ட் போயிருந்த நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே வந்து ஒதுங்கிய குட்டி அது என்று எங்கள் சீனியர்கள் சொல்வார்கள். அதனால் அந்தப் பெயர். கறுப்பு உடம்பு, வலது முன்காலில் மட்டும் சாக்ஸ் போட்டது போல வெள்ளை. தினமும் மெஸ் அண்ணன் கையால் மிச்சச் சோறு, ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பு. இரவு பன்னிரண்டு மணிக்கு டீக்கடைக்குக் கிளம்பும் கூட்டத்துக்கு முன்னால் போகிற பைலட் வண்டி அதுதான். வார்டன் வருகிற சத்தத்தை நமக்கு முன்னாலேயே கண்டுபிடித்துச் சொல்லும் உதவியை எத்தனையோ பேர் அனுபவித்திருப்பீர்கள்.

2010-ஆம் வருஷக் கடைசியில் ஃப்யூஸுக்கு ஏழு வயசு இருக்கலாம். காலையில் எழுந்து நிற்கவே சிரமப்பட்டது. பின்னங்கால் இரண்டையும் இழுத்து இழுத்து நடந்தது. எங்கள் அறையில் ஒருவனுக்கு முதுகுவலி. அவனிடம் 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் மாத்திரை அட்டை அட்டையாக இருந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, இட்லிக்குள் வைத்துக் கொடுத்தோம். இரண்டாம் நாளே ஃப்யூஸ் படியேறியது. நாங்கள் ஏதோ ப்ராஜெக்ட் வொர்க் ஆகிவிட்டது போலக் கை தட்டினோம். ஐந்தாறு நாள் போனதும் அது சாப்பிடுவதை நிறுத்தியது. வலி அதிகமாகிவிட்டது என்று நினைத்து, டவுனில் ஆடு மாடு நாய்க்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் ஆட்டோவில் கொண்டுபோனோம். வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசி என்று சொல்லிப் போட்டார். முன்னால் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அன்று ராத்திரியும் மாத்திரை கொடுத்தோம். இரண்டு நாளில் தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனது, பிறகு ரத்த வாந்தி. மறுநாள் விடியும்போது மாடிப்படிக்குக் கீழேயே முடிந்துவிட்டது. "வயசாயிடுச்சு, பாவம்" என்று பேசிக்கொண்டோம். பத்துப் பன்னிரண்டு வருஷம் நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

2022-இல் வீட்டில் வளர்க்கும் லாப்ரடார் நொண்ட ஆரம்பித்தது. கால்நடை மருத்துவரம்மா அதைப் பரிசோதித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "சார், வீட்ல மனுஷங்களுக்கு இருக்கிற வலி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" இல்லை என்றேன். "குடுத்திருந்தா சொல்லிடுங்க, திட்ட மாட்டேன். தெரியாம நான் இன்னொண்ணு எழுதினா வயித்துல ஓட்டை விழுந்துடும்." அங்கேயே, அந்த ஸ்டீல் மேஜைக்குப் பக்கத்தில், இட்லி ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து கிடைத்த நேரத்திலெல்லாம் இந்த மருந்துகளின் கதையைப் படித்து வருகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை நாயில் ஆரம்பிக்கவில்லை, மரத்தில் ஆரம்பிக்கிறது. 1763-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார், வில்லோ மரப்பட்டையைக் காயவைத்துப் பொடி செய்து காய்ச்சல்காரர்கள் சுமார் ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்து, குணம் தெரிகிறது என்று ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பட்டையின் வழியே வேதியியல்காரர்கள் சாலிசிலிக் அமிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1897-இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அதைக் கொஞ்சம் மாற்றி ஆஸ்பிரின் தயாரித்தார்கள். 1899-இல் அந்தப் பெயரோடு விற்பனைக்கு வந்தது. பின்னாளில் மேலைநாட்டு நாய் வைத்தியர்கள் பல பத்தாண்டுகள் கைவசம் வைத்திருந்ததும் இந்த ஆஸ்பிரினைத்தான். மனிதனுக்கு நல்லது, நாய்க்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்பதுதான் கணக்கு. நாங்கள் பி பிளாக்கில் போட்ட கணக்கும் அதேதான்.

ஆனால் ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பது எழுபது வருஷம் யாருக்கும் தெரியாது. இது ஒரு பொறியாளனுக்குச் சகிக்க முடியாத விஷயம். சர்க்யூட் டயக்ராமே இல்லாமல் எழுபது வருஷம் ஒரு பெட்டியை விற்றிருக்கிறார்கள்! 1971-இல்தான் லண்டனில் ஜான் வேன் என்பவர் முடிச்சை அவிழ்த்தார். உடம்பில் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. வலியையும் வீக்கத்தையும் தூண்டுவது அவை. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அவற்றைத் தயாரிக்கிற நொதியை அடைத்துவிடுகின்றன என்று அவர் காட்டினார். அவருடைய கட்டுரையோடு சேர்ந்தே வெளியான இன்னொரு கட்டுரையில் அவரும் சகாக்களும் செய்த சோதனை எதில் தெரியுமா? நாயின் மண்ணீரலில். மண்ணீரலைத் தனியே எடுத்து உயிரோடு வைத்து, மருந்து போனதும் புரோஸ்டகிளாண்டின் வெளிவருவது நிற்பதை அளந்தார்கள். 1982-இல் வேனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வலி மாத்திரை வேலை செய்யும் விதத்தை நமக்குச் சொல்லிக் கொடுத்ததில் நாய்க்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இதைப் படிக்கும்வரை நான் அறியேன்.

சிக்கல் எங்கே என்றால், அதே புரோஸ்டகிளாண்டின்தான் வயிற்றின் உள்சுவரில் சளிப்படலத்தைக் காத்து, சொந்த அமிலத்தாலேயே வயிறு வெந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையும் நேரத்தில் கைகொடுப்பதும் அதுவே. வலியை அணைக்க மெயின் ஸ்விட்சைப் பிடுங்கினால் வீட்டுக்குள் ஃப்ரிட்ஜும் சேர்ந்து நிற்கிற கதை. இந்த நொதியில் இரண்டு வகை இருக்கிறது, ஒன்று அன்றாடப் பராமரிப்புக்கு, மற்றது பெரும்பாலும் வீக்கத்தின்போது வேலைக்கு வருவது என்பது 1990-களின் தொடக்கத்தில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு, ஒரு ஸ்விட்சை மட்டும் தட்டும் மருந்துகளைத் தேடி எல்லாக் கம்பெனிகளும் ஓடின.

நாய்க்கும் நமக்கும் வித்தியாசம் எங்கே வருகிறது? எடையில் மட்டும் என்று நினைத்தேன். இல்லை. இந்த மருந்துகளில் பலவற்றை நாயின் உடம்பு பித்தநீர் வழியாகக் குடலுக்குள் தள்ளுகிறது; குடல் அதை மறுபடி உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புகிறது; ஈரல் மறுபடி பித்தத்தில் தள்ளுகிறது. ஒரே மருந்து திரும்பத் திரும்பக் குடலைச் சுட்டுக்கொண்டு சுற்றும். நேப்ராக்ஸன் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய மனிதனுக்குப் பன்னிரண்டு முதல் பதினேழு மணி நேரம் ஆகும். நாய்க்கு 74 மணி நேரம், அதாவது மூன்று நாள். தினம் ஒன்று கொடுத்தால் முதல் மாத்திரை பாதியாகக் குறைவதற்குள் மூன்று சேர்ந்துவிடும். ட்ரெயினேஜ் அடைத்த தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டது போலத்தான்.

ஐபுப்ரோஃபென் கதை இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் பூட்ஸ் கம்பெனியின் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழுவினர் உருவாக்கிய மருந்து அது. 1969-இல் அங்கே டாக்டர் சீட்டுக்கு விற்பனைக்கு வந்தது. அதே 1969-இல் அவர்கள் வெளியிட்ட நச்சுத்தன்மை ஆய்வில், நாய்களின் வயிறும் குடலும் இந்த மருந்துக்கு எளிதில் புண்ணாகின்றன என்பது பதிவாகியிருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 8 மில்லிகிராம் வீதம் தினமும் ஒரு மாதம் கொடுத்தாலே நாய்க்குக் குடல்புண் வரலாம் என்று நச்சியல் நூல்கள் சொல்லும் அளவை நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஃப்யூஸ் 16 கிலோ இருந்திருக்கும். எட்டால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 128 மில்லிகிராம். நாங்கள் கொடுத்தது 800. கிலோவுக்கு 50. நூல்கள் சொல்லும் அளவைப் போல ஆறு மடங்குக்கு மேல், அதற்கு மேல் ஒரு ஸ்டீராய்டு ஊசி. 41 வருஷம் முன்னாலேயே அச்சில் ஏறிவிட்ட விஷயம் நம் கல்லூரி விடுதிக்கு வந்து சேரவில்லை.

நாய்க்கு முன்னால் குதிரைக்கு இந்தச் சங்கடம் வந்துவிட்டது. 1949-இல் சுவிட்சர்லாந்தின் கெய்கி கம்பெனி ஃபினைல்பியூட்டசோன் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. மனிதரில் சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே அது பாதித்தது. ஆனால் குதிரை லாயங்களில் 'பியூட்' என்ற செல்லப் பெயரோடு அது இன்றும் வாழ்கிறது. 1968-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த டான்ஸர்ஸ் இமேஜ் என்ற குதிரையின் உடம்பில் இந்த மருந்து இருந்தது தெரிந்து வெற்றியைப் பறித்தார்கள். நாய்களுக்கும் இதைக் கொடுத்தார்கள். வீட்டு நாய் பந்தயத்தில் ஓடாததால் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை போலும்.

இனி வருவதுதான் இந்த வரலாற்றின் நடு அத்தியாயம். கார்ப்ரோஃபென் என்ற மருந்து 1980-களில் மனிதருக்காக வந்து, வியாபாரக் காரணங்களால் பிறகு மனிதர் சந்தையை விட்டுப் போனது. அதை நாய்க்கென்று ஃபைசர் கம்பெனி ரிமாடில் என்ற பெயரில் கொண்டுவந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1996 அக்டோபரில் அனுமதி கொடுத்தது. 1997 தொடக்கத்தில் கடைகளுக்கு வந்தது. அதுவரை வயதான நாய் நொண்டினால் ஆஸ்பிரின் அல்லது கடைசி ஊசி என்றிருந்த குடும்பங்களுக்கு இது வரமாகவே தெரிந்தது. மாடியேறாத நாய் மாடியேறியது. டிவியில் நேராக நாய் வளர்ப்பவர்களுக்கே விளம்பரம் வந்தது.

பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. சில நாய்கள் சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தன, கண் வெள்ளையெல்லாம் மஞ்சளாயிற்று. 1998-இல் கால்நடை மருத்துவர்களின் சங்க இதழில், கார்ப்ரோஃபென் எடுத்து ஈரல் கெட்ட 21 நாய்களைப் பற்றிய கட்டுரை வெளியானது. பெரும்பாலானவற்றுக்கு மருந்து ஆரம்பித்த ஒரு மாதத்துக்குள் அறிகுறி தெரிந்திருந்தது. 21-இல் 13 லாப்ரடார்கள். உடனே லாப்ரடார்காரர்கள் நடுங்கிப் போனார்கள். நானும் அந்த வரியைப் படித்தபோது சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரனைத் திரும்பிப் பார்த்தேன்.

இங்கே நம் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர் உதவிக்கு வருகிறது. 1991-லிருந்து 2021 வரை அமெரிக்காவில் பதிவான நாய்களில் முதலிடம் லாப்ரடாருக்குத்தான். ஊரில் அந்த நாய் அதிகம். மூட்டுத் தேய்மானமும் அதற்கு அதிகம். ஆகவே மருந்து சாப்பிடுகிற கூட்டத்திலும் அதுதான் அதிகம். பகுதி தெரியாமல் தொகுதியை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. ஆகவே அந்தப் பதின்மூன்றை வைத்து லாப்ரடாருக்கு ஆபத்து கூடுதல் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

அப்படியானால் அனுமதிக்கு முந்தைய சோதனையில் இது ஏன் தெரியவில்லை? கம்பெனி மறைத்துவிட்டது என்று சொல்லிவிடுவது சுலபம். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. 300 நாய்களில் ஒரு மருந்தைச் சோதித்து ஒன்றுக்குக்கூட ஈரல் கெடவில்லை என்று வையுங்கள். அதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது, ஆபத்து நூற்றில் ஒன்றுக்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு என்பது மட்டுமே. மூன்றைச் சோதனை எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கிற எல்லை அது. ஆயிரத்தில் ஒன்று வரும் கோளாறு அந்த வலையில் பெரும்பாலும் சிக்காது. ஆனால் பத்து லட்சம் நாய்கள் சாப்பிடும்போது ஆயிரத்தில் ஒன்று என்பது ஆயிரம் வீடுகள். நம் தொழிலில் இதை ஃபீல்ட் ஃபெயிலியர் என்கிறோம். பெஞ்சில் ஓடியது ஊரில் ஓடாதபோதுதான் உண்மையான டெஸ்டிங் ஆரம்பிக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், எங்கள் பம்ப் கெட்டால் கஸ்டமர் திட்டிக்கொண்டே எடுத்துவருவார். நாய் செத்தால் பெரும்பாலானவர்கள் "வயசாயிடுச்சு" என்று சொல்லிப் புதைத்துவிடுவார்கள். யாரும் ரிப்போர்ட் எழுத மாட்டார்கள். நாங்கள் எழுதினோமா?

ஆனாலும் கம்பெனியை முழுக்க விட்டுவிட மனம் வரவில்லை. சந்தோஷமாக ஓடும் நாயை டிவியில் காட்டியவர்கள், எந்த அறிகுறி கண்டால் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதை அதே உற்சாகத்தோடு வீட்டுக்காரர்களுக்குச் சொன்னார்களா என்பதுதான் 1999-இல் அங்கே எழுந்த கேள்வி. தென் கரோலினாவில் கூட்டு வழக்கு ஒன்று போட்டார்கள்; பிறகு அது சமரசத்தில் முடிந்தது. இதற்கிடையில் மருந்து நிர்வாகத்தின் வற்புறுத்தலில் மருத்துவர்களுக்குக் கடிதம் போயிற்று, லேபிள் திருத்தப்பட்டது, நாய்க்காரருக்கென்று எளிய மொழியில் ஒரு தகவல் தாள் வந்தது. பசி குறைவு, வாந்தி, கறுப்பு மலம், மஞ்சள் நிறம், தண்ணீர் குடிப்பதில் மாற்றம், சோர்வு: இவற்றில் ஒன்று கண்டாலும் நிறுத்து, டாக்டரைக் கூப்பிடு. மருந்து ஆரம்பிக்கும் முன் ரத்தப் பரிசோதனை, பிறகும் அவ்வப்போது பரிசோதனை என்ற பழக்கமும் பரவியது. எங்கள் மருத்துவரம்மா முதலில் ரத்தம் எடுத்ததற்கு அந்த நாய்கள்தான் காரணம்.

ஒரு ஸ்விட்சை மட்டும் தட்டும் புது மருந்துகளும் வந்தன. 2002-இல் டெராகாக்ஸிப். வயிற்றுக்குப் பத்திரம் என்று எல்லோரும் நம்பினார்கள். 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதை எடுத்துக்கொண்டு வயிற்றிலோ குடலிலோ ஓட்டை விழுந்த 29 நாய்களைப் பற்றியது. இருபது நாய்கள் பிழைக்கவில்லை. ஆனால் அந்த 29-இல் 26 நாய்கள், ஒன்று அனுமதித்த அளவைவிட அதிகம் சாப்பிட்டவை, அல்லது ஒரு நாள் இடைவெளிகூட இல்லாமல் இன்னொரு வலி மருந்தோ ஸ்டீராய்டோ சேர்த்துக் கொடுக்கப்பட்டவை. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மூன்று தடவை படித்தேன். அது ஃப்யூஸின் கேஸ் ஷீட்.

இதையெல்லாம் படித்தால் யாருக்கும் தோன்றும், "மாத்திரையே வேண்டாம், இயற்கையாக ஏதாவது பவுடர் கொடுப்போம்" என்று. எனக்கும் தோன்றியது. குளுக்கோசமைன் டப்பா ஒன்று வாங்கினேன். விலையைச் சொன்னால் வீட்டம்மா இந்த மலரைப் படித்துவிடுவாள். குளுக்கோசமைன் பழைய ஆசாமிதான். 1876-இல் ஜெர்மனியில் கேயோர்க் லெடர்ஹோஸ என்பவர் கடல் இறாலின் ஓட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துப் பிரித்தெடுத்தார். குருத்தெலும்பு தயாராக இதுவும் தேவை என்பதால், வாயால் சாப்பிட்டால் மூட்டுக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. 1990-களில் அமெரிக்காவில் மனிதருக்கும் நாய்க்கும் இது பெரிய வியாபாரமாயிற்று. மருந்து என்றால் பலன் உண்டு என்று நிரூபிக்க வேண்டும், துணை உணவு என்றால் வேண்டாம். 2000-இல் மேரிலாந்து ஆய்வாளர்கள் கடையில் விற்ற காண்ட்ராய்டின் டப்பாக்களைச் சோதித்தபோது, லேபிளில் போட்டதில் பூஜ்யம் சதவீதத்திலிருந்து 115 சதவீதம் வரை சரக்கு இருந்தது. பூஜ்யம்!

ஆனாலும் "எங்க நாய்க்கு நல்லாக் கேக்குதுங்க" என்று சொல்பவர்கள் ஏராளம். அவர்கள் பொய் சொல்லவில்லை. இதற்கு 2012-இல் ஓர் அழகான விடை கிடைத்தது. மருந்து ஆய்வு ஒன்றில் வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்ட 58 நாய்களைத் தரையில் பதித்த ஃபோர்ஸ் பிளேட்டின் மேல் நடக்கவிட்டு, எந்தக் காலில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அளந்திருந்தார்கள். கருவி முன்னேற்றமில்லை என்று காட்டியபோதும், நூற்றுக்கு 57 வீதம் வீட்டுக்காரர்கள் நாய் தேறியதாகச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர்களும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதே போல ஏமாந்திருக்கிறார்கள். டம்மி மாத்திரை சாப்பிட்டது நாய், குணம் தெரிந்தது நமக்கு! 2022-இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, குளுக்கோசமைன்–காண்ட்ராய்டினால் வலிக்குப் பலன் காணவில்லை, மீன் எண்ணெயின் ஒமேகா-3-க்குச் சான்று இருக்கிறது என்று எழுதினார்கள். என் டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது.

உண்மையில் பலன் தெரிந்த ஒன்று கடையில் விற்பதில்லை. ப்யூரினா கம்பெனி 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்று சாப்பிடுவதில் கால்வாசி குறைத்து மற்றதற்குக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தது. முடிவு 2002-இல் வந்தது. நிறையச் சாப்பிட்டவற்றின் நடு ஆயுள் 11.2 வருஷம், குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு 13. இடுப்பு மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நாய் உணவு விற்கும் கம்பெனியே நாய்க்குக் குறைத்துப் போடு என்று நிரூபித்தது ஒரு வேடிக்கை. எங்கள் வீட்டு லாப்ரடார் 38 கிலோ இருந்தது. இப்போது 32. அதற்காக என் மாமியாரோடு நான் நடத்திய போராட்டம் தனிக் கட்டுரைக்கு உரியது.

இந்த வரலாறு நம் பக்கம் வந்து மோதிய இடத்தையும் சொல்லிவிட வேண்டும். அது நாயில் இல்லை, கழுகில். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பதை 2004-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை காட்டியது. 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் 99.9 சதவீதம் குறைந்தன. 2006-இல் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் தடை, 2023-இல் கீட்டோப்ரோஃபெனுக்கும் அசிக்ளோஃபெனாக்குக்கும் தடை. முதுமலைக்குப் பக்கத்தில் மோயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளைப் பார்க்க நம் நண்பர்கள் சிலர் போய் வந்திருக்கிறார்கள். கழுகுக்குப் பத்திரம் என்று அப்போது கண்டுபிடித்த மாற்று மருந்து மெலாக்ஸிகாம். நாய்க்கு மருத்துவர்கள் எழுதும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

கதை முடியவில்லை. மாதம் ஒரு ஊசி போதும் என்று பெடின்வெட்மாப் என்ற ஆன்டிபாடி மருந்து ஐரோப்பாவில் 2020-இலும் அமெரிக்காவில் 2023-இலும் அனுமதி பெற்றது. கம்பெனி ஜோயட்டிஸ், ஃபைசரிலிருந்து பிரிந்து வந்த அதே கால்நடை மருந்துப் பிரிவு. பல நாய்கள் நன்றாக நடந்தன. 2024 டிசம்பரில் அமெரிக்க நிர்வாகம் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது: தள்ளாட்டம், வலிப்பு, சில இறப்புகள் பற்றிய தகவல்கள் வந்திருக்கின்றன, கவனியுங்கள் என்று. தேதியை மாற்றிவிட்டு 1999-ஐப் படிப்பது போலிருந்தது.

எங்கள் லாப்ரடார் கார்ப்ரோஃபென்தான் சாப்பிடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறோம். ஈரல் எண்கள் சரியாக இருக்கின்றன. வலியோடு விட்டுவிடுவதும் ஒரு பக்க விளைவுதான் என்று மருத்துவரம்மா சொன்னதை ஏற்றுக்கொண்டேன்.

இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்த பிறகு, ஃப்யூஸின் வயதை உறுதி செய்துகொள்ள நம் பழைய மெஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறார். மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்முனையில் ரொம்ப நேரம் சத்தமில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க தம்பி, நெசமாவா?" என்றார். "அந்த ஞாயித்துக்கிழமை நான்தான் கோழி எலும்பு வெச்சேன். ரத்தமா கக்குனதப் பாத்துட்டு, எலும்புதான் உள்ள குத்திப்போடுச்சுன்னு இத்தன வருசமா நெனச்சுட்டிருக்கறேன். அதுக்கப்புறம் ஒரு நாய்க்கும் நான் எலும்பு வெக்கலீங்க."

இந்தச் சந்திப்புக்கு அவரையும் அழைத்திருக்கிறோம். ஃப்யூஸைப் புதைத்தது வாலிபால் கோர்ட்டுக்குப் பின்னால் என்பது வரைக்கும்தான் எங்களுக்கு நினைவிருக்கிறது. எந்த மரத்தடி என்று அவருக்குத் தெரியுமாம். வந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.